அணில் பார்க்க வந்தவனுக்கு ஒரு ஜாகை

வனவிலங்குகளைப் பார்க்கும் ஆசையால் ஊர் ஊராகத் திரிகிறவர்கள், யானையைக் கண்டது, காட்டெருமை வழிமறித்தது, ஈர மணலில் புலியின் அடிச்சுவடு கிடந்தது என்று எத்தனையோ விருத்தாந்தங்களைச் சாவகாசமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தி சாய்ந்து, வனத்துறைச் சோதனைச் சாவடியில் தடுப்புக் கட்டை இறங்கி, "இனிமே உள்ளே யாரும் இருக்கக் கூடாது, கிளம்புங்க" என்று காவலர் சொன்ன பிறகு, மோட்டார் சைக்கிளும் நனைந்த சட்டையுமாக அவர்கள் எங்கே போய்த் தலை சாய்த்தார்கள் என்பதை மட்டும் ஏனோ சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். பகலெல்லாம் பார்த்த காட்சியை விட, இரவில் தங்க இடம் தேடி அலைந்த அனுபவந்தான் ஒரு பிரதேசத்தையும் அதன் ஜனங்களையும் நமக்கு நன்றாகப் பரிச்சயப்படுத்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

காரில் போகிறவர்கள் முன்கூட்டியே அறை ஏற்பாடு செய்துகொண்டு போகலாம்; ரயிலில் போகிறவர்களுக்கோ வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதாவது ஏறக்குறையத் தெரியும். மோட்டார் சைக்கிள்காரனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து அடிக்கிறபோது வண்டி நேராகப் போக மறுக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் ஏதாவது ஒரு டீக்கடைக் கூரையின் கீழ் அரை நாள் போய்விடும். ஒரு ஆணி டயரில் ஏறினால் அன்றைய திட்டம் அவ்வளவுதான். ஆகவே, இன்ன இரவு இன்ன ஊரில் என்று முன்பணம் கட்டி வைப்பது என் போன்றவர்களுக்கு வீண் செலவு. இருட்டுகிறபோது எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊரில் ஜாகை கேட்பதே எங்கள் சம்பிரதாயம்.

இந்தச் சம்பிரதாயம் எல்லாக் காடுகளின் ஓரத்திலும் செல்லுபடியாவதில்லை. 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட முதுமலையில், தெப்பக்காட்டில் இருக்கிற வனத்துறை விடுதிகளில் நினைத்த மாத்திரத்தில் போய் இடம் கேட்டு வாங்கியவர் யாரையும் நான் கண்டதில்லை. தொட்டாற்போல இருக்கிற பந்திப்பூர்ச் சாலையோ 2009-ஆம் ஆண்டிலிருந்து இரவு 9 மணிக்கெல்லாம் வாகனங்களுக்கு அடைபட்டுவிடுகிறது. முல்லைப் பெரியாற்றில் 1895-இல் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரியைச் சுற்றி அமைந்துள்ள பெரியாறு தேசியப் பூங்காவில், திருவிதாங்கூர் மகாராஜாவின் கோடை மாளிகையாக இருந்த லேக் பேலஸ் என்னும் விடுதி இருக்கிறது. படகில் ஏறித்தான் அங்கே போக வேண்டும். சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு ஏறுவது உசிதம். குமுளி ஊருக்குள் அறைகள் தாராளமாக உண்டு, வெள்ளைக்காரப் பிரயாணிகளுக்கேற்ற வாடகையில். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிற மேகமலையில் ரம்மியத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே போய்விட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறவனே புத்திசாலி.

இவ்வாறு மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டித் தெற்கே வருகிறவனுக்கு விருதுநகர்ச் சீமை ஓர் ஆச்சரியம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, சாம்பல் நிற மலையணிலுக்காகவே 1988-இல் ஒரு சரணாலயம் ஏற்படுத்தினார்கள். அதையும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அது ஐந்தாவது, இந்தியாவில் 51-ஆவது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இத்தனை பெரிய வனத்துக்குள் என்னைப் போன்ற வழிப்போக்கனுக்கு இரவில் இடம் இல்லை. அதைப் பற்றி எனக்குக் குறையும் இல்லை. புலியும் யானையும் குடியிருக்கிற வீட்டில் நாம் பகல் விருந்தாளியாக இருந்துவிட்டு வருவதுதான் மரியாதை. ஆகையால் காட்டைப் பார்க்க வந்தவன் படுக்கைக்குச் சமவெளிக்கு இறங்கியாக வேண்டும். அந்தச் சமவெளியிலோ கரிசல் மண்ணும், சீமைக் கருவேலும், தீப்பெட்டிக் குச்சி காயப் போட்ட களங்களும், எட்ட எட்டத் தனித்தனியாக நிற்கிற பட்டாசு ஆலைகளின் சின்னஞ்சிறு அறைகளுந்தான் கண்ணில் படுகின்றன. மலையில் மழையெல்லாம் நின்றுவிட, மழை மறைவில் அகப்பட்டுக்கொண்ட இந்த வறண்ட பூமியில் விவசாயம் கைகொடுக்காமற்போன காரணத்தால்தான் வெடிமருந்தும் அச்சு மையும் ஜீவனோபாயமாயின. உல்லாசப் பிரயாணிக்கென்று இங்கே யாரும் எதையும் கட்டி வைக்கவில்லை. ஆயினும், வேளை கெட்ட வேளையில் வந்து நிற்கிறவனுக்கு அறை கொடுப்பதில் இந்த ஊர்களுக்கு இருக்கிற சாமர்த்தியம் குமுளிக்குக்கூட இல்லை என்பேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊர்களே ஆதியில் ஜாகைகளாகத்தான் வளர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தெற்கே தேரிக் காட்டுப் பக்கத்திலிருந்து கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர்களின் மாட்டுவண்டிகளுக்கு வழியெங்கும் கள்வர் பயம். பொழுது சாய்ந்தால் வண்டியை அவிழ்க்க ஒரு பந்தோபஸ்தான இடம் வேண்டும். அதற்காக அவர்கள் வழி நெடுகப் பேட்டைகளை அமைத்துக்கொண்டார்கள். சுற்றிலும் மதில், உள்ளே கிணறு, சரக்கு வைக்கக் கிட்டங்கி, மாடு கட்ட இடம், பிரயாணிகள் படுக்கத் திண்ணை. பேட்டைக்குள் வந்து விற்கிற வாங்குகிற சரக்கின் மீது மகமை என்று ஒரு சிறு தொகையைத் தாங்களே விதித்துக்கொண்டு, அந்தப் பணத்தில் பேட்டையைப் பராமரித்தார்கள். சிவகாசி, விருதுப்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் என்னும் ஆறு ஊர்களும் இவ்விதமாகத்தான் வர்த்தக ஸ்தலங்களாகத் தலையெடுத்தன. 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறிய அந்த விருதுப்பட்டியில், மகமைப் பணமும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் பிற்பாடு பள்ளிக்கூடத்தைக்கூட நடத்தின. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி நடந்ததுதான். இந்த வணிகர்களுக்கும் முன்னால், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் அமைத்ததை நாம் எல்லோரும் பாடப் புஸ்தகத்தில் படித்திருக்கிறோம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் பெயரில் இன்றும் சத்திரம் நிற்கிறது. ராணி கட்டியது தருமம். வணிகர் கட்டியது தேவை. இந்தப் பக்கத்து லாட்ஜ்களில் இன்றுவரை தென்படுவது அந்த இரண்டாவது குணந்தான்.

எப்படியென்று சொல்கிறேன். மலைவாசஸ்தலங்களில் நண்பகல் 12 மணி என்றால் நண்பகல் 12 மணிதான். இரவு 11 மணிக்கு வந்து படுத்தவனும் மறுநாள் 12 மணிக்குள் மூட்டையைக் கட்ட வேண்டும், வாடகையோ முழு நாளைக்கு. சிவகாசியிலும் விருதுநகரிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பல லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. இரவு 11 மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் இரவு 11 மணி வரை அறை நம்முடையது. ராத்திரி முழுவதும் பிரயாணம் செய்து விடியற்காலையில் வந்து இறங்கும் வியாபாரிக்காக ஏற்பட்ட இந்த வழக்கம், விடியுமுன் காட்டுக்குப் போய்விட்டு வெயில் ஏறிய பிறகு வந்து தூங்குகிறவனுக்கு எத்தனை உபகாரம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். வண்டி நிறுத்துவதிலும் அப்படித்தான். மாட்டுவண்டி காலத்துப் புத்தி இன்னும் போகவில்லை போலும். சில இடங்களில் இரவுக் காவற்காரர் என் புல்லட்டைத் தெருவில் நிற்க விடாமல், மாடிப்படிக்கு அடியில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தச் சொல்லி, அதற்கு முன்னால் தம் கட்டிலையும் போட்டுக்கொண்டு படுப்பார். பெட்ரோல் வாசனை அவருக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் பட்டாசுப் பெட்டி ஏதாவது கையில் இருந்தால் கதை வேறு; சிவகாசியில் வெடியோடு விளையாடாதவர்கள் யார் என்று கேட்டால் சிவகாசிக்காரர்கள்தான்.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. அது தமிழ்நாடு முழுவதற்கும் பொது. தனி ஆளுக்கு அறை கொடுக்கத் தயங்குவார்கள். நாலு பேர் சேர்ந்து வந்து இரவெல்லாம் சீட்டாடினாலும் பாதகமில்லை. ஒருவன் மட்டும் வந்து கதவைச் சாத்திக்கொண்டால் மானேஜருக்குத் தூக்கம் வராது. காலையில் கதவு திறக்காவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியவர் அவரல்லவா? அதனால் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தனியாக மோட்டார் சைக்கிளில் வருகிற பெண்களின் பாடுதான் இதைவிடக் கஷ்டம். என்னிடம் ஒரு கேள்வி கேட்டால் அவர்களிடம் ஒன்பது கேட்கிறார்கள், அதற்குச் சமாதானம் சொல்ல என்னால் முடியாது.

சிவகாசியில் ஒரு லாட்ஜில் பெரிய பேரேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார் மானேஜர். பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில், வந்த காரியம் என்று கட்டங்கள். மேலே இருந்த வரிகளைப் பார்த்தேன்: வியாபாரம், வியாபாரம், பிரிண்டிங் ஆர்டர், சொந்த வேலை, வியாபாரம். ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு, உண்மையைச் சொல்வதென்று தீர்மானித்து, 'அணில் பார்க்க' என்று எழுதினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"அணிலா? அது நம்ம வீட்டு வேப்பமரத்திலயே ஓடுதே சார்!"

"அது இல்லை அண்ணாச்சி. செண்பகத்தோப்பில் இருக்கிற பெரிய அணில்."

"கூட யாரும் வரலையா?"

"வண்டி வந்திருக்கிறது."

அவர் வெளியே எட்டி வண்டியைப் பார்த்தார்; சேறு அப்பிய சக்கரங்களும், பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பையும் என் பட்சத்தில் சாட்சி சொல்லின. சாகப் போகிறவன் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி, இத்தனை மூட்டையும் கட்டிக்கொண்டு வரமாட்டான் என்று தோன்றியிருக்க வேண்டும். சாவி கிடைத்தது.

அந்த அணிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே சில மைல் தூரத்தில், ஓடையோரத்துப் பெருமரங்கள் கிளையோடு கிளை கோத்து நிற்கிற இடங்களில் அது வசிக்கிறது. தரைக்கு இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் தாவியே வாழ்நாளைக் கழிக்கும். உடம்பளவுக்கு வால், ரோமத்தில் நரை விழுந்தாற்போன்ற சாம்பல் பூச்சு. தென்னிந்தியாவில் சில பகுதிகளிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. குச்சியும் இலையும் கொண்டு மர உச்சியில் கூடு கட்டி, இருட்டுமுன் அதற்குள் போய்ப் படுத்துவிடும். காலை இளவெயிலில்தான் அதைப் பார்க்க வசதி. ஆகையால் முதல் நாளே வனத்துறை அலுவலகத்தில் அனுமதிக்கு விசாரித்து வைத்துவிட்டு, இரவு சிவகாசியிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ தங்க வேண்டும். சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து ராஜபாளையம் இன்னும் 12. மூன்று ஊர்களும் இவ்வளவு அருகே இருந்தும், எந்த ஊரில் அறை கிடைக்கும் என்பது மட்டும் தூரத்தைப் பொறுத்ததல்ல. அது திதியைப் பொறுத்தது.

இந்த ரகசியத்தை எனக்கு விளக்கியது அதே மானேஜரின் தலைக்குமேல் தொங்கிய தினசரி காலண்டர். நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கிற ஊரல்லவா? தேதி கிழிக்கும் தாளில் திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம், சுபமுகூர்த்தம், கோயில் விசேஷம் எல்லாம் சிறு எழுத்தில் இருக்கும். ஊரில் உள்ளவர்கள் அதைப் பார்த்துக் கல்யாணம் வைப்பார்கள். நான் அதைப் பார்த்து ஜாகை தேடுகிறேன். வளர்பிறை முகூர்த்த நாள் என்று போட்டிருந்தால் ராஜபாளையத்தில் அறைக்கு அலைய வேண்டாம். மண்டபத்துக்குப் பக்கத்து லாட்ஜ்களையெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே எடுத்திருப்பார்கள். அமாவாசை, பௌர்ணமி என்றால் வத்திராயிருப்புப் பக்கம் போகக் கூடாது. சதுரகிரி சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க வருகிறவர்கள் தாணிப்பாறை அடிவாரத்தில் குவிந்துவிடுவார்கள். மலையும் காப்பகத்தைச் சேர்ந்ததாகையால், காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும், மேலே இரவு தங்கக் கூடாது என்று கட்டுப்பாடு. இறங்கியவர்கள் அனைவருக்கும் கீழேதான் படுக்கை வேண்டும். ஆடிக் கடைசி வெள்ளி என்றால் சாத்தூர் பக்கம் வேண்டாம். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற இருக்கன்குடியில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் நடந்தே வருவார்கள்.

ஆடி மாதம் இந்தக் கணக்குக்கு ஒரு பரீட்சை. அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் அறை சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்கிறவன் பஞ்சாங்கத்தைப் பாதிதான் படித்தவன். 2025-ஆம் ஆண்டில் ஆடி அமாவாசை ஜூலை 24. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஆடிப்பூரத் தேரோட்டம் ஜூலை 28. ஆடி 18 ஆகஸ்ட் 3. சங்கரன்கோவில் ஆடித்தபசு ஆகஸ்ட் 7. இடையில் நாள் விட்டு நாள் எந்தச் சாலையில் கூட்டம் எந்தத் திசையில் போகும் என்பதை இந்த நாலு தேதிகளை வைத்தே சொல்லிவிடலாம். இவை போதாவென்று அந்த மாதந்தான் குற்றாலத்துக்கும் சீசன்.

சிவகாசிக்கோ தனிப் பஞ்சாங்கம். 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து, இந்த ஊருக்கும் வடதேசத்துக்கும் போக்குவரத்து ஓயவே இல்லை. ஆடி 18 அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். பட்டாசுக் கடைகளிலும் தீபாவளி விற்பனைக்கு அன்றைக்கே பிள்ளையார் சுழி. அதற்குப் பிறகு பீகார், வங்காளம், மகாராஷ்டிரம் என்று பல பாஷைக்காரர்கள் வந்து இறங்கி, கொட்டகைக்குக் கொட்டகை விலை பேசி, லாரிக்குக் காத்திருப்பார்கள். புரட்டாசியில் சிவகாசியில் அறை கேட்பவனை அனுதாபத்தோடு பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு மாலையில், எல்லா இடத்திலும் கையை விரித்த பிறகு, ஒரு பெரியவர் மட்டும், "பொதிகை கிளம்பினதும் வாங்க" என்றார். செங்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போகிற அந்த ரயில் முன்னிரவில் சிவகாசியைக் கடக்கிறது. ஆர்டர் முடிந்த வியாபாரிகள் அதில் ஏறிவிட்டால் நாலைந்து அறைகள் காலியாகும். அதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வரலாமென்று எண்ணெயில் பொரித்த பரோட்டா ஒரு ஜோடி சாப்பிட்டு, சால்னா மணக்கும் கையோடு திரும்பினேன். யாரோ ஒருவர் அப்போதுதான் விட்டுப்போன அறை, மின்விசிறி இன்னும் சுழன்றபடி, எனக்குக் கிடைத்தது. தலையணைக்கடியில் ஒரு மத்தாப்புப் பெட்டியின் லேபிள் மாதிரி அகப்பட்டது. அச்சு வெகு சுத்தம்.

கூட்டம் காட்டையும் விடுவதில்லை. பாபநாசத்துக்கு மேலே, 1988-இல் ஏற்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. வருஷம் முழுவதும் சோதனைச் சாவடியில் நேரம் பார்த்து உள்ளே விடுகிறவர்கள், ஆடி அமாவாசைக்கு மட்டும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவதற்கு இணங்கி நாள் குறித்துக் கொடுக்கிறார்கள். ஆசாரம் பெரிதா, ஆரணியம் பெரிதா என்று அதிகாரிகளுக்கும் பக்தர்களுக்கும் வருஷந்தோறும் பேச்சுவார்த்தை நடக்கும். புலியை யாரும் கலந்தாலோசிப்பதில்லை.

இவையெல்லாம் அந்த மானேஜருக்கு அத்துப்படி. காலையில் அணிலைப் பார்த்துவிட்டு வந்து குளித்துச் சாவியைக் கொடுக்கப் போனபோது, அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"பார்த்தாச்சா?"

"வால் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அடுத்தது பாபநாசம் போகலாமென்று இருக்கிறேன்."

"நாளைக்கு ஆடி அமாவாசை சார். அம்பாசமுத்திரம் வரைக்கும் ஒரு திண்ணைகூடக் கிடைக்காது."

"தென்காசியில் தங்கிக்கொள்கிறேன்."

"குற்றாலத்துல தண்ணி விழுது. தென்காசியில எவன் ரூம் வச்சிருக்கான்?"

"அப்படியானால் ஸ்ரீவில்லிபுத்தூர்."

"பூரத்துக்குக் கொடியேத்தியாச்சே! தேருக்கு வர்றவங்க இப்பவே புக் பண்ணிட்டாங்க."

வத்திராயிருப்பை நான் வாயெடுத்துச் சொல்வதற்குள் அவர் தலையை ஆட்டிவிட்டார். பிறகு காலண்டரில் பத்துப் பதினைந்து தாள்களை விரலால் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் நம்ம ஊரு காலிதான் சார். இங்கேயே ரெண்டு நாள் இருங்க. நீங்க வந்தது ராத்திரி பத்தரைக்கு. இன்னிக்குப் பத்தரை வரைக்கும் பழைய வாடகைதான், அவசரம் ஒண்ணுமில்ல."

பிள்ளையார்கோயில் தெருவில் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட ஒரு மெக்கானிக் இருப்பதாகவும், பிளவக்கல் அணைக்குக் கூட்டம் இல்லாத வழி ஒன்று இருப்பதாகவும் சொன்னார். பேரேட்டில் 'வந்த காரியம்' என்ற கட்டத்தில் என் வரிக்குக் கீழே மேற்படிக் குறி போட்டுவிட்டு, இரண்டு நாளைக்கு முன்பணம் கொடுத்தேன்.